கேழ்வரகு நிரப்பிய ரிவால்வர்

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு ரிவால்வர் இருக்கிறது. மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைக்கும் திருப்பதியிலிருந்து கொண்டுவந்த பெருமாள் படத்துக்கும் நடுவில், வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் தண்ணீர்ச் சொம்பை வாங்கும்போதே அதைப் பார்த்துவிடுவார்கள். "இன்னாது, நெஜமா?" என்று கேட்பார்கள். பொம்மைதான், பழைய காலத்து ரிவால்வர் மாதிரி செய்தது, குழாயை உள்ளேயே இரும்பு வைத்து அடைத்திருக்கிறார்கள், ஈயைக்கூடச் சுட முடியாது என்று நான் ஒப்பிப்பேன். என் கணவர் அந்த நேரம் பார்த்து டிவி சத்தத்தைக் கூட்டுவார். சுட முடியாத அந்தச் சாமான் எங்களை என்ன பாடு படுத்தியது என்று வந்தவர்களிடம் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் ஆரணியில் பாவு பிணைக்கிறவர். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி இழைகளை அறுத்து எறிந்துவிட மாட்டார்கள், அச்சு என்கிற சீப்பிலேயே தொங்க விட்டிருப்பார்கள். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து விரலால் முறுக்கிவிட வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, முடிச்சு அச்சில் மாட்டிக்கொள்ளும். விரல் வழுக்காமல் இருக்க விபூதியைத் தொட்டுக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய பட்டிழைகளை ஆயிரக்கணக்கில், ஒன்றுகூட இடம் மாறாமல் முறுக்கிக்கொண்டே போக வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். அவருக்கு வராது. வேலை நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது, நான் கூப்பிட்டால் மற்ற நேரத்திலும் கேட்காது.

நான் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். சாயங்காலத்தில் பட்டுப்புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் பெயர். அவருக்கு வாயே கிடையாது என்பதால் வீட்டுக்கு மொத்தத்தில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

அவர் கையில் நடுக்கம் வந்தபோது முதலில் அதைக் கிண்டல் செய்தவளே நான்தான். டிவி பார்த்துக்கொண்டிருப்பார், வலது கைக் கட்டைவிரல் ஆட்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருக்கும், இழை முறுக்குவதுபோல. "வூட்டுக்கு வந்தும் யாரு பாவ பிணச்சிகினு இருக்கீங்க?" என்று கேட்டுச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். பிறகு சட்டைப் பித்தான் போட நேரமாயிற்று. டீ டம்ளரைப் பாதிதான் ஊற்றச் சொன்னார். ஒரு நாள் சாம்பார்க் கரண்டி தட்டில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

வேலூரில் நரம்பு டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், விரலைத் தட்டிக் காட்டச் சொன்னார். இது முழுசாகக் குணமாகிற வியாதி இல்லை, மாத்திரை போட்டால் போட்ட கொஞ்ச நேரத்துக்கு அடங்கியிருக்கும், வேளை தப்பினால் மறுபடி ஆடும் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்ணமங்கலம் தாண்டியது. பிறகு, "ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றார். "பொண்ணுக்கும்தான்."

"இதுல மறைக்க இன்னா இருக்குது? சக்கர வியாதி வந்தா சொல்லிக்கறது இல்லியா?"

"சக்கர வியாதிக்காரன பாவு மேல கை வெக்க வுடுவாங்க."

அது உண்மை. ஒரு பாவில் எத்தனை புடவைக்கான பட்டு இருக்கிறது! நடுங்குகிற கையை அதில் எந்த முதலாளி விடுவார்? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருந்த ஒரே ரகசியம் அவருடைய வலது கைதான்.

ரிவால்வர் வந்தது அதற்குப் பிறகு. செல்போனில் அவர் பார்ப்பது பழைய பாட்டும், ஏரியில் மீன் பிடிக்கிற வீடியோவும்தான். அதற்கு நடுவில் எப்படியோ இது நுழைந்துவிட்டது. ஏதோ வெளிநாட்டில், ஒரு வெள்ளைத் தாடிக்காரர் மர மேசையில் உட்கார்ந்து அந்தக் காலத்து ரிவால்வரை நிரப்பிக் காட்டுவார். இப்போதைய துப்பாக்கி மாதிரி தோட்டாவை எடுத்துச் செருகுகிற வேலை கிடையாது. உருளையில் ஆறு குழி. ஒவ்வொரு குழியிலும் முன்பக்கமாகக் கொஞ்சம் மருந்தைக் கொட்டி, மேலே ஒரு குண்டை வைத்து, குழாய்க்கு அடியில் மடங்கியிருக்கும் கம்பியை இழுத்து அமுக்கி, அதன் மேல் கொழுப்பைத் தடவ வேண்டும். அப்புறம் உருளையைத் திருப்பிப் பின்பக்கம் வந்தால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சின்ன மொட்டு. அந்த மொட்டின் தலையில் செம்பில் செய்த ஒரு குட்டித் தொப்பியை மாட்ட வேண்டும். சுத்தியல் அந்தத் தொப்பியை அடித்தால்தான் உள்ளே நெருப்புப் போகும். தாடிக்காரர் இவ்வளவையும் அவசரமே இல்லாமல் செய்வார். சுடுவது கடைசியில் ஒரு நொடி. அது வந்ததும் இவர் வீடியோவை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டுவார்.

"சுடுறத பாக்காம இத்த இன்னாத்துக்குப் பாக்கறீங்க?" என்றேன்.

"அந்தாளு கைய பாரு" என்றார்.

பார்த்தேன். வயதான கை. கொஞ்சம்கூட ஆடவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் ஒரு நாள், "ப்பா, ஒனக்குன்னு ஒண்ணுகூடக் கேக்க மாட்றியே, எதனா கேளு, ஆர்டர் போட்றேன்" என்றாள். அவள் சட்டை, வாட்ச் என்று எதையோ எதிர்பார்த்திருப்பாள். இவர் ரிவால்வர் கேட்டார். அலமாரியில் அழகுக்கு வைக்க விற்கிற பொம்மைகள் ஆன்லைனில் இருக்கின்றன என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளைக்கூட இந்த மனிதர் இவ்வளவு நுணுக்கமாக விசாரித்ததில்லை. அவள் படம் படமாக அனுப்புவாள், இவர் தள்ளிக்கொண்டே இருப்பார். ஒன்றில் உருளை சுற்றாது. இன்னொன்றில் அடிக்கம்பி வெறும் பார்வைக்கு ஒட்டினது. வேறொன்றில் பின்பக்க மொட்டு இல்லை. "கம்பி அசையணும்மா, உருள சுத்தணும், பின்னால மொட்டு மொட்டா இருக்கணும்" என்று பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. கொரியர்காரர் கொடுத்தபோது கனம் பார்த்து நான் குக்கர் என்று நினைத்தேன்.

வந்த பொம்மை அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படியே வைத்திருந்தால் வம்பில்லாமல் போயிருக்கும், இவர் அதைச் சரி செய்ய உட்கார்ந்தார். கைப்பிடி மரம் மாதிரி பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, உடைந்துபோன தறி மிதிகட்டை ஒன்றை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசி இரண்டு பக்கமும் பொருத்தினார். உருளைக் குழிகளில் வார்ப்படத்தின் சொரசொரப்பு இருந்தது. விளக்குமாற்றுக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி ஒவ்வொரு குழியாக வழித்தார். சாமானை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவ்வளவும் செய்தார். பெயின்டைச் சுரண்டி எடுத்ததும் அந்தச் சாமான் நிஜமாகவே பயமுறுத்துகிற மாதிரி ஆகிவிட்டது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல்தான், ஏனென்றால் என் சமையலறையில் திருட்டு ஆரம்பித்திருந்தது.

மருந்துக்குப் பதில் கேழ்வரகு. குண்டுக்குப் பதில் வெள்ளைக் கொண்டைக்கடலை, அதிலும் குழிக்குள் இறுகப் போகிற அளவில் பொறுக்கி எடுத்தது. கொழுப்புக்குப் பதில் என் வேசலின். செம்புத் தொப்பிக்கு என்ன செய்கிறார் என்று தெரியாமல் இருந்தேன். குஞ்சத்தில் கோக்கிற மணிக்கு மேலே கவிழ்ப்பதற்குக் குட்டி குட்டியாகப் பித்தளைத் தொப்பி விற்பார்கள், மிளகைவிடச் சிறிது. அது என் டப்பாவில் குறைந்துகொண்டே வந்தது. மொட்டுகளை அரத்தால் ராவி அந்தத் தொப்பிக்குத் தோதாகச் சிறிதாக்கியிருந்தார் மனிதர்.

"ஊருல போர் நடக்குதுன்னா சொல்லுங்க, மூட்டையா வாங்கிப் போட்றேன்" என்றேன். "கேவுருல களி கிண்டலாம், கடலைல சுண்டல் பண்ணலாம். துப்பாக்கில போட்டு யாருக்குப் படையல்?"

அவர் கடலையைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். பைத்தியம் முற்றுகிறது என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையெல்லாம் இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

விஷயம் எனக்குப் பிடிபட்டது ஒரு காலை வேளையில். அவர் எழுந்ததும் முதலில் மாத்திரை போடுவார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு ரிவால்வரையும் கேழ்வரகு டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருவார். நிரப்புவார், அமுக்குவார், தடவுவார். கடைசியாகத் தொப்பிகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்து மொட்டில் மாட்டுவார். அன்றைக்கு ஒரு தொப்பி கீழே விழுந்தது. மொசைக் தரையில் அது உருண்டு போகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் விழுந்தது. போனை எடுத்து முதலாளியிடம், "இன்னிக்கு வவுறு சரியில்ல மொதலாளி, நாளிக்கி வந்து முட்ச்சிக் குட்த்தர்றேன்" என்றார்.

அவருக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு தோசை தின்றிருந்தார்.

நான் தோசைக்கரண்டியோடு நின்றேன். எத்தனை நாள் இவர் ஆறு தொப்பியும் ஒழுங்காக உட்கார்ந்த பிறகு வேலைக்குக் கிளம்பினார், எத்தனை நாள் வயிறு சரியில்லை, தலை வலிக்கிறது என்று போனில் சொன்னார் என்பதெல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறியது. அது விளையாட்டே இல்லை. அடுத்தவன் பட்டைத் தொடுவதற்கு முன்னால் அவர் தன் கையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கையில் நம்பிக்கை இல்லாத நாளில் பாவைத் தொடவே மாட்டார். கடைக்குப் போனபோது பித்தளைத் தொப்பி ஒரு பாக்கெட் அதிகமாக வாங்கி ஜன்னலோரம் வைத்தேன். அவர் பார்த்தார், எடுத்துக் கேழ்வரகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்களுக்குள் அந்தப் பேச்சு அவ்வளவுதான் நடந்தது.

ஆயுத பூஜை வந்தது. மகள் லீவில் வந்திருந்தாள். அவர் தன் கத்தரிக்கோல், விபூதி டப்பா, இழை பிரிக்கிற குச்சி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பலகையில் வைத்தார். என் குஞ்ச ஊசிகளையும் மகளின் ஆபீஸ் கார்டையும் வைத்தோம். பொட்டு வைக்கத் திரும்பினால் நடுவில் ரிவால்வர் இருந்தது. மூன்று விரலால் விபூதிப் பட்டை போட்டு, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்.

"சாமி எதுருல துப்பாக்கி எதுக்கு? அது பொம்ம. எட்த்து உள்ள வெய்யுங்க" என்றேன்.

"அது பொம்ம இல்ல" என்றார்.

மகள் கொல்லென்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிழைப்புக்கு உதவுகிற சாமானை வைத்துத்தானே கும்பிடுகிறோம்? அவருக்கு அதுதான் தினமும் வேலைக்கு அனுப்புகிற சாமான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். அவர் தீக்குச்சி உரசி, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு கற்பூரம் ஏற்றினார். மகள் தட்டைப் பார்த்துக் கும்பிட்டாள், அதனால் கையைப் பார்க்கவில்லை.

ஆனால் போட்டோ எடுத்தாள். பூசணிக்காய், பொரி, கொண்டைக்கடலைச் சுண்டல், நடுவில் பொட்டு வைத்த ரிவால்வர், பின்னால் வேட்டியும் வெறும் மேலுமாக அவள் அப்பா. 'எங்க அப்பாவோட ஆயுத பூஜை' என்று எழுதி, சிரிக்கிற பொம்மையெல்லாம் போட்டு வாட்ஸ்அப்பில் வைத்துவிட்டாள். பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் போட்டோ போட்டவனையெல்லாம் பிடித்து உள்ளே வைக்கிற காலம் இது. மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தி வேறு அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. எங்களுக்கு மட்டும் தோன்றியதா என்ன? சுண்டலை நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நான் கால் நீட்டிப் படுத்துவிட்டேன். படம் எந்த குரூப்பிலிருந்து எந்த குரூப்புக்குப் போயிற்றோ, சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில் நின்றார்கள்.

மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ரிவால்வரைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, "ஒரு விசாரண, வந்துட்டுப் போய்டுங்க" என்றார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தார். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. மகள் அழுதுகொண்டே போட்டோவை அழித்தாள். நான் என்ன செய்வேன்? எங்கள் பக்கத்தில் யாரையாவது ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால் முதலில் முதலாளிக்குத்தான் போன் போடுவோம். ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர், பேசினால் கேட்பார்கள். நானும் போட்டேன். முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே என் கணவர்தான் அந்த வீட்டுத் தறிகளுக்குப் பாவு பிணைக்கிறார். முதலாளி வயதில் சின்னவர், "பயப்படாதீங்க அண்ணி, நான் ஜல்தியா வந்துட்றேன்" என்றார். சொன்னபடி எனக்கு முன்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்து நின்றார். மகளை வீட்டில் இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை, அவளும் வந்தாள்.

கிளம்பும்போது மாத்திரை அட்டையைப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். அவர் சாயங்கால வேளை மாத்திரை போடாமலே போயிருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். மேசையில் செய்தித்தாளை விரித்து ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழாய்க்குள் பேனாவை விட்டுப் பார்த்தார், போகவில்லை. "அடச்சிருக்குது. ஆனா உருளையில லோட் பண்ணியிருக்குதே? பெரியவரே, நீங்களே இத்த காலி பண்ணிக் காட்டுங்க, உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்கலாம்" என்றார்.

என் கணவர் மேசைக்கு அருகில் போனார். உருளையைக் கழற்ற இரண்டு கையும் வேண்டும். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்ள முடியாது. வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரைக்கும். ரிவால்வர் மேசைக் கண்ணாடியில் தடதடவென்று அடித்தது. ஒரு வழியாக உருளை கழன்று கவிழ்ந்தது. தட்டியதில் கேழ்வரகும் கொண்டைக்கடலையும் செய்தித்தாளில் கொட்டின. என் பித்தளைத் தொப்பிகள் மேசைக்கு அடியில் உருண்டன.

ஸ்டேஷனே சிரித்தது. "இன்னா பெரியவரே, சுண்டல் துப்பாக்கியா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளியும் சிரித்தார். என் மகள்கூட அழுகைக்கு நடுவில் சிரித்தாள். முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று எனக்கு மூச்சு வந்தது.

அங்கே ஓர் ஏட்டு இருந்தார், வயதானவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் கணவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பொம்மைக்கு எதுக்கு இந்தாளு இப்டி நடுங்கறான்? எத்தினி பேர பாத்துருக்கேன்" என்றார். பிறகு இவரிடம், "யோவ், தப்பு பண்ணாதவனுக்கு கை ஏன் இந்த ஆட்டம் ஆடுது? இத்த காட்டிட்டு நெஜத்த எங்க வெச்சிருக்க? மலையில யார்னா பழக்கமா? வூட்ட பாத்துட்லாமா?" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டரின் சிரிப்பும் நின்றது. முதலாளி, "சேச்சே, தங்கமான மனுசன் சார், போலீஸ்னா பயம், அதான்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு "ஆமாங்க, பயம்" என்று என் கணவர் சொல்லியிருக்கலாம். சொல்லுவார் என்று நான் சாமியை வேண்டினேன். ஆனால் பயம் என்றால், எதற்குப் பயம் என்று ஏட்டு விட மாட்டார். வீட்டைக் கலைத்துப் போட்டுப் பார்ப்பார்கள், தெரு முழுக்க நிற்கும், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பர்ஸுக்குள் என் கை மாத்திரை அட்டையைப் பிடித்திருந்தது. வெளியே எடுத்தால் பிழைப்பு போச்சு, எடுக்காவிட்டால் மானம் போச்சு.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். அந்தக் கையை மறைக்காமல் மேசை மேலேயே விட்டுவிட்டு ஏட்டிடம் பேசினார்.

"இது ஒங்களுக்கு நடுங்கல சார். ரெண்டு வருசமா நடுங்குது. நரம்பு வியாதி. வேலூர்ல பாத்துகினு இருக்கோம். ஏய், அந்த மாத்திரைய எடு."

அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, சட்டென்று எழுந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரையை நான்தான் அவர் வாயில் போட்டேன். பாட்டிலையும் நான்தான் பிடித்தேன். மகள் "ப்பா" என்று ஒரு தரம் சொன்னாள். அந்த நேரத்தில் நான் பார்த்தது முதலாளியின் முகத்தைத்தான். அவர் முகத்தில் கோபம் இல்லை. இரண்டு வருஷமாக இந்தக் கை எந்தெந்தப் பாவைத் தொட்டது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு பாவுகூடக் கெடவில்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாய் நீளம் என்று பெயர் வாங்கியவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

ரிவால்வரை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "இத்த போட்டோகீட்டோ எட்த்துப் போடாதீங்கம்மா" என்று மகளிடம் மட்டும் சொன்னார்கள். வெளியே வந்ததும் முதலாளி இவர் தோளில் கை வைத்து, "இன்னாண்ணா, எங்கிட்ட போயி மறைப்பாங்களா? ஒடம்ப பாருங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். இதமாகத்தான் சொன்னார். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

ரெஸ்ட் என்பது எவ்வளவு நாள் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அடுத்த பாவுக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. சேவூரிலிருந்து வேறொருவர் வந்து பிணைக்கிறார் என்று குஞ்சம் கொடுக்கப் போன இடத்தில் கேள்விப்பட்டேன். மற்ற முதலாளிகளும் தலையாட்டி விசாரித்துவிட்டுப் போனார்கள். யாரையும் திட்ட முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தீபாவளிக்கு முதலாளி வீட்டிலிருந்து ஸ்வீட் பாக்ஸ் வந்தது, முன்பு வருவதைவிடப் பெரிதாக. எனக்கு அதைத் தூக்கி வீசலாம்போல ஆத்திரம் வந்தது. அவர் ஒரு ஜாங்கிரியை எடுத்துத் தின்றுவிட்டு, நன்றாயிருக்கிறது என்றார்.

மகள் வாரம் தவறாமல் வருகிறாள். முதல் இரண்டு மாதம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறையிலேயே இருந்தாள். "என்னாலதான்ம்மா" என்பாள். உன்னால் இல்லை என்று சொல்வேன். போன் போட்டு முதலாளியைக் கூப்பிட்டவள் நான் என்று அவளும் சொல்லமாட்டாள். அவரோ யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்போம்.

மாத்திரை மட்டும் வேளைக்குப் போடுகிறார். போட்டதும் கை அடங்குகிறது. அந்த நேரத்தில் ஜன்னலோரம் போய் உட்காருவார் என்று நான் காத்திருந்தேன். கேழ்வரகு டப்பாவை நிரப்பிவைத்தேன். கொண்டைக்கடலையில் அளவாகப் பார்த்துப் பொறுக்கிவைத்தேன். பித்தளைத் தொப்பி பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது. "சும்மா ஒரு தபா போட்டுப் பாருங்களேன்" என்று ஒரு நாள் சொன்னேன். "எதுக்கு?" என்று கேட்டார். மாத்திரையும் போட்டு, கையும் அடங்கி, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அவர் டிவியைப் போட்டார்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு மகள் முதல் நாளே வந்துவிட்டாள். போனைத் தொடவே இல்லை. அவருடைய கத்தரிக்கோலையும் விபூதி டப்பாவையும் குச்சியையும் நான்தான் கழுவினேன். பலகையில் கோலம் போட்டு எல்லாவற்றையும் அடுக்கினேன். பிறகு ஷோகேஸைத் திறந்து ரிவால்வரை எடுத்துத் தூசி துடைத்தேன். மிதிகட்டை மரத்தில் அவர் பூசிய எண்ணெய் காய்ந்து வெளுத்திருந்தது. திரும்பவும் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, விபூதியும் சந்தனமும் குங்குமமும் வைத்து, போன வருஷம் அவர் வைத்த அதே இடத்தில், நடுவில் வைத்தேன்.

அவர் வந்து பலகையைப் பார்த்தார்.

"அத எடு" என்றார். "அது பொம்ம."

நான் எடுத்தேன். சந்தனத்தை முந்தானையால் துடைத்துக் கொண்டுபோய் ஷோகேஸில் வைத்துவிட்டு வந்தேன். மகள் தேங்காயை உடைத்து வைத்தாள். கற்பூரத் தட்டு அவருக்கு முன்னால்தான் இருந்தது. மாத்திரை போட்டு அரை மணி ஆகியிருந்தது, கை ஆடாமல் நன்றாகவே இருந்தது. அவர் தீப்பெட்டியை எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, என் பக்கம் தள்ளினார்.

நான்தான் ஏற்றினேன்.